ஹைட்ரஜன் பெட்டி: ஒரு டம்ளர் கொடுத்து ஒரு கரண்டி வாங்கலாமா?



இந்த மாத அறிவியல் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது நம் பட்டறைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் அடிக்கடி அடிபடும் ஒரு பேச்சு. "தண்ணியிலே காடி ஓடும்பா. ஒரு சின்னப் பெட்டி மாட்டினா போதும், பெட்ரோல் பாதியா குறையும்." கேட்டிருப்பீர்கள். சிலர் மாட்டியும் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரஜன் ஜெனரேட்டர், எச்.எச்.ஓ. கிட், பிரௌன்ஸ் கேஸ் என்று பெயர்கள் பல. பெட்டி ஒன்றுதான்.

கேரி தீவை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. உள்ளே தோட்டப் பாதைகள் நீண்டுகொண்டே போகும். வேலைக்கோ, கல்லூரிக்கோ, மருத்துவமனைக்கோ, கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ போகணும்னா, மோட்டார் சைக்கிளோ காடியோ இல்லாமல் முடியாது. லோரி வைத்துப் பிழைப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே நாளில் ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில் "பாதி எரிபொருள் மிச்சம்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்கத் தோன்றுவது இயல்பு. அதனால்தான் இந்தப் பெட்டியைப் பொறுமையாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பள்ளியில் படித்த மின்பகுப்புதான். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். 1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள்.

காடிக்கு விற்கும் பெட்டியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை வரிசையாக அடுக்கி, தண்ணீரில் காஸ்டிக் சோடா அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து ஊற்றியிருப்பார்கள். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதால்தான் அந்தக் கலவை. பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துத் தகடுகளில் மாட்டினால் குமிழி குமிழியாக வாயு கிளம்பும். அதை ஒரு குழாய் வழியாக இன்ஜினின் காற்று வாயில் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் கருவி.

வாயு வருவது உண்மை. அந்த வாயு எரியும் என்பதும் உண்மை. ஹைட்ரஜன் எரிந்தால் கரியமில வாயு வராது, நீராவிதான் வரும் என்பதும் உண்மை. விற்பவர்கள் சொல்வதில் பாதி உண்மையாக இருப்பதால்தான் மீதிப் பாதியையும் மக்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த மீதிப் பாதியில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேட்டரியிலிருந்து என்பீர்கள். சரி, பேட்டரிக்கு? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது? இன்ஜின். இன்ஜினைச் சுற்றுவது? பெட்ரோல்! ஆக, பெட்ரோலை எரித்து, அதில் வந்த சக்தியில் தண்ணீரைப் பிரித்து, பிரிந்ததை மறுபடியும் அதே இன்ஜினில் எரிக்கிறோம். இந்தச் சுற்றின் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சக்தி வெப்பமாக வெளியே போய்விடும்.

எவ்வளவு போகிறது? நன்றாகச் செய்த ஒரு பெட்டி 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் எடுக்கிறது, உள்ளே 6 அறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கைக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எடுக்கும் மின்சாரம் 12 × 20 = 240 வாட். இதில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 4.5 கிராம். அதை எரித்தால் வரும் சக்தியைச் சராசரியாகப் பார்த்தால் 150 வாட். பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் சக்தியில் கால் பங்கை மட்டுமே சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று எடுத்துக்கொண்டால், கடைசியில் பயனாக மிஞ்சுவது 38 வாட்.

இப்போது செலவுப் பக்கம். ஆல்டர்னேட்டர் தான் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக மாற்றும். 240 வாட் மின்சாரம் வேண்டுமானால் இன்ஜினிடமிருந்து 400 வாட் வாங்க வேண்டும்.

400 கொடுத்து 38 வாங்குகிறோம். இப்படி ஒரு கூட்டுச் சீட்டு இருந்தால் யாராவது சேருவோமா?

இன்னும் எளிமையாகச் சொல்கிறேன். அந்த 4.5 கிராம் ஹைட்ரஜன் 17 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்று அதிகம். அதைத் தயாரிக்க இன்ஜின் கூடுதலாகக் குடிப்பது ஏறத்தாழ 180 மில்லிலிட்டர், ஒரு டம்ளர். நெடுஞ்சாலையில் காடி ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் குடித்தால், அந்தக் கரண்டி அதில் 350-ல் ஒரு பங்குகூட வராது.

"ஒரு லிட்டர் தண்ணி ஊத்துனா எத்தனையோ நாளைக்கு வருது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆமாம், வரும். மேலே சொன்ன பெட்டி மணிக்கு 40 மில்லிலிட்டர் தண்ணீரைத்தான் பிரிக்கிறது. தண்ணீர் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்றாலே, வருகிற வாயு சொற்பம் என்றுதான் அர்த்தம்.

கப்சாய் மோட்டார் சைக்கிளில் மாட்டினால் கதை இன்னும் மோசம். அதன் சார்ஜிங் சுருள் 20 ஆம்பியர் தரவே தராது. பேட்டரிதான் படுத்துவிடும்.

"ஆனா எனக்கு மிச்சமாச்சே!"

இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு மிச்சமாக வேறு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, பெட்டி மாட்டும் அன்றைக்கே பட்டறையில் பிளக் மாற்றுவார்கள், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வார்கள், டயருக்குக் காற்று அடிப்பார்கள். இவை ஒவ்வொன்றும் எரிபொருளை மிச்சப்படுத்தும். பெயர் மட்டும் பெட்டிக்குப் போய்விடும்.

இரண்டாவது, ஓட்டுநரின் கால். காசு கொடுத்து மாட்டியவர் மிச்சமாகிறதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். முறுக்க மாட்டார். மெதுவாக ஓட்டினால் எந்தப் பெட்டியும் இல்லாமலேயே மிச்சமாகும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. சில கிட்டுகளோடு ஒரு சின்ன மின்னணுக் கருவியும் வரும். புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞையை அது மாற்றி அனுப்பும். காடியின் கணினி ஏமாந்துபோய் பெட்ரோலைக் குறைத்து விடும். மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் தேவைக்குக் குறைவான பெட்ரோலில் ஓடும் இன்ஜின் தட்டும், அளவுக்கு மீறிச் சூடாகும், வால்வு கெடும், புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். இன்று பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசை நாளை இன்ஜின் பிரிக்கும்போது கொடுக்க வேண்டிவரும்.

"ஹைட்ரஜன் கலந்தா பெட்ரோல் முழுசா எரியும்" என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். நல்ல நிலையில் இருக்கும், சூடேறிய இன்ஜினில் பெட்ரோலின் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கனவே எரிந்துவிடுகிறது. இன்ஜினின் பெரிய இழப்பு எரியாத பெட்ரோலில் இல்லை. ரேடியேட்டர் வழியாகவும் புகைக் குழாய் வழியாகவும் போகும் வெப்பத்தில்தான் இருக்கிறது. அதைத் தடுக்க இந்தப் பெட்டியால் முடியாது.

ஆபத்து சின்னது அல்ல

காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கண் போனால்? அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்திருந்தாலே தீப்பிடிக்கும். 75 விழுக்காடு வரைக்கும் பிடிக்கும். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதைவிட முக்கியம், இந்தப் பெட்டியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாக வருவதில்லை. எரியத் தேவையான அளவில் இரண்டும் கலந்தே வருகின்றன. இன்ஜின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தால் தீ குழாய் வழியாகத் திரும்பிப் பெட்டிக்குள் போகலாம். பெட்டி பிளாஸ்டிக் டப்பாவாகவோ கண்ணாடி ஜாடியாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பது காஸ்டிக் சோடா நீர். அது முகத்தில் தெறித்தால் பார்வையே போகலாம்.

தீவைச் சுற்றிக் கடல்தானே, உப்புத் தண்ணீரை ஊற்றினால் என்ன என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம். உப்பு கலந்த நீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். எஃகுத் தகடும் அரித்து, அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் கலக்கும். பழுப்பு நிறமாக மாறிய அந்த நீரைச் சாக்கடையிலோ, செம்பனை அடியிலோ கொட்டுவது அடுத்த பாவம்.

புதுக் காடியாக இருந்தால் உத்தரவாதம் போகும். பதிவில் இல்லாத மாற்றம் செய்த வாகனத்துக்கு ஜே.பி.ஜே.யிடம் பதில் சொல்ல வேண்டும். விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி கேட்கும்.

முன்பு நடந்தவை

தண்ணீரையோ இலையையோ எரிபொருளாக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் காடி செய்ததாக அறிவித்தார். பணம் போட்ட இருவர் வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் ஒஹாயோ நீதிமன்றம் அவருடைய கருவியை நிபுணர்களைக் கொண்டு பரிசோதித்தது. அதில் இருந்தது சாதாரண மின்பகுப்புதான் என்று தெரிந்தது. மோசடி எனத் தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

அதே 1996-இல் தமிழ்நாட்டில் ராஜபாளையம் அருகே ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது உலகத் தமிழர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் ஆள் ஒருவர் சாதித்துவிட்டார் என்ற பெருமிதம். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் பெருமிதம் பரிசோதனைக்குப் பதிலாகாது. விற்கப்பட்டது பெட்ரோலியப் பொருள்களின் கலவைதான் என்று இந்திய மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அப்படியானால் ஹைட்ரஜனே பொய்யா?

இல்லவே இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பெட்டி பயன் தராது என்பதற்காக ஹைட்ரஜனை ஒதுக்கிவிடக் கூடாது. 1807-லேயே டி ரிவாஸ் என்ற சுவிஸ் நாட்டவர் ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜினுக்கு உரிமம் பெற்றார். பெட்ரோல் காடிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு அது!

நம் நாட்டிலேயே கூச்சிங்கைப் பாருங்கள். 2019-இல் சரவாக் அங்கே ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலையையும் நிரப்பும் நிலையத்தையும் அமைத்து, ஹைட்ரஜன் பேருந்துகளை ஓடவிட்டது. அங்கேயும் தண்ணீரைத்தான் பிரிக்கிறார்கள். வித்தியாசம் என்ன? மின்சாரம் பேருந்தின் இன்ஜினிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்து வருகிறது. சரவாக்கில் பாக்குன் அணை ஒன்று மட்டுமே 2,400 மெகாவாட் திறன் கொண்டது. ஆறு கொடுக்கும் சக்தியை ஹைட்ரஜன் சுமந்துகொண்டு போய் பேருந்தில் இறக்குகிறது.

பாடத்தின் மையம் இதுதான்: பூமியில் நாம் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன் சக்தியின் ஊற்று அல்ல, அது சக்தியைச் சுமக்கும் குடம். குடத்தில் தண்ணீர் இருக்க வேண்டுமானால் யாராவது கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றியிருக்க வேண்டும். அந்தக் கிணறு அணையாக இருக்கலாம், சூரியத் தகடாக இருக்கலாம். குடமே தன்னை நிரப்பிக்கொள்ளாது.

இந்தியாவிலும் உழைப்பு நடக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ.என். ஸ்ரீவாஸ்தவாவின் குழு, உலோக ஹைட்ரைடில் ஹைட்ரஜனைச் சேமித்து மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டியது. அங்கே ஹைட்ரஜனை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டுதான் வண்டி கிளம்பும். 2025 ஜூலையில் சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1,200 குதிரைத்திறன் கொண்ட ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. ஜப்பானில் டொயோட்டா 2021-இல் ஹைட்ரஜனை நேராக எரிக்கும் காடியை 24 மணி நேரப் பந்தயத்திலேயே இறக்கியது. மலேசிய அரசும் 2023 அக்டோபரில் ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கான வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது.

இதிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆலையில் 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. அந்த 1 கிலோவில் டொயோட்டா மிராய் போன்ற காடி சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே மின்சாரத்தை நேராக மின்சாரக் காடியின் பேட்டரியில் ஏற்றினால் அதைப்போல் மூன்று மடங்கு தூரம் போகலாம். ஆகவே சின்னக் காடிக்கு பேட்டரியும், நாள் முழுக்க ஓடும் பேருந்து, கனரக லோரி, ரயில் போன்றவற்றுக்கு ஹைட்ரஜனும் பொருத்தம் என்று பலர் கருதுகிறார்கள்.

தீவிலேயே இருக்கும் எரிபொருள்

மாற்று எரிபொருளைத் தேடி நாம் எங்கேயோ பார்க்கிறோம். கேரி தீவில் காலடியிலேயே இருக்கிறது. செம்பனை எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியவைத்தால் பயோடீசல் கிடைக்கும். அதைத் தயாரிக்கும் ஆலை இதே தீவில் எழுந்தது. 2011-இல் டீசலில் 5 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியது. 2019-இல் போக்குவரத்துத் துறைக்கு அது 10 விழுக்காடாக உயர்ந்தது. லோரிக்கு டீசல் ஊற்றும்போதெல்லாம் செம்பனையும் சேர்ந்தே எரிகிறது. நம் தாத்தா பாட்டிகள் பாடுபட்ட தோட்டம் இன்று இன்ஜினுக்குள் ஓடுகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எண்ணெய் ஆலைகளின் கழிவுநீரும் வீண் அல்ல. காற்றுப் புகாத தொட்டியில் அது புளிக்கும்போது, ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். அதில் சுமார் 60 விழுக்காடு மீத்தேன். சக்திக் கணக்கில் அது 18 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பெட்டி கொடுத்த அந்தக் கரண்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? செம்பனை இலைகள் ஆண்டு முழுக்க வெயிலைச் சேர்த்து வைத்திருக்கின்றன. இங்கே கிணறு சூரியன்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை யாராவது "சக்தி சும்மா கிடைக்கும்" என்று எந்தக் கருவியோடு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சக்தி எங்கிருந்து வருகிறது? விற்பவரைத் தவிர வேறு யார் அளந்து பார்த்தார்கள்? உடைந்தால், வெடித்தால் யார் பொறுப்பு?

ஏற்கனவே பெட்டி மாட்டியிருப்பவரோடு சண்டை போட வேண்டாம். அவர் வண்டியின் பழைய எரிபொருள் கணக்கு இருந்தால் கேளுங்கள். முழுத் தொட்டி நிரப்பி, அதே பாதையில், அதே ஆள், அதே வேகத்தில் ஓட்டி, மறுபடி நிரப்பினால் எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். பெட்டி இயங்கும்போது ஐந்து முறை, மின் இணைப்பைத் துண்டித்து ஐந்து முறை. எப்போது இணைப்பு இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியவே கூடாது. எண் பேசட்டும்.

நம்மில் பலர் வெல்டிங் தெரிந்தவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள். இந்தப் பெட்டியைச் செய்து விற்கலாமே என்ற எண்ணம் வரலாம். ஒன்று யோசியுங்கள். முதலில் யார் வாங்குவார்கள்? ஆலயத்தில் நம்மோடு அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிய அண்ணன், தோட்டத்து மாமா, அத்தை மகன். கருவியை நம்பி வாங்க மாட்டார்கள், நம்மை நம்பித்தான் வாங்குவார்கள். நம் முன்னோர் அறம், பொருள், இன்பம் என்று வரிசைப்படுத்தினார்கள். அறம் முதலில் நிற்பது சும்மா இல்லை.

அதே கைத்திறனுக்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஐ.எல்.பி., வொக்கேஷனல் கல்லூரி, பொலிடெக்னிக் போன்ற இடங்களில் வாகன மின்னியல், ஹைபிரிட், மின்சாரக் காடி பராமரிப்பு படிக்கலாம். சார்ஜ்மேன் சான்றிதழ் எடுக்கலாம். உயிர்வாயு ஆலைக்கும் ஹைட்ரஜன் நிலையத்துக்கும் குழாய் பற்றவைப்பவர், வாயுக் கசிவு பார்ப்பவர், மின்பணியாளர் எல்லாரும் தேவை. முழுக் கணக்கும் தெரிந்தவனுக்கு அங்கே இடம் உண்டு.

கிளைக் கூட்டத்தில் செய்து பார்க்க

தேவையானவை: 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரு முனையும் சீவிய பென்சில் இரண்டு, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு சிட்டிகை சமையல் சோடா. உப்பு வேண்டாம். பென்சில்களின் கீழ் முனையைத் தண்ணீரில் வைத்து, மேல் முனைகளைக் கம்பியால் பேட்டரியோடு இணையுங்கள். எந்தப் பென்சிலில் குமிழி அதிகம் என்று கவனியுங்கள். எதிர்முனையில் ஏறத்தாழ இரு மடங்கு வரும். அதுதான் ஹைட்ரஜன். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வாயுவைப் பிடித்து வைக்கவோ பற்றவைக்கவோ கூடாது.

பேசிப் பார்க்க

1. பெட்டிக்கு ஆல்டர்னேட்டருக்குப் பதில் வீட்டுக் கூரையின் சூரியத் தகடு மின்சாரம் கொடுத்தால் கணக்கு எப்படி மாறும்?

2. உங்கள் வட்டாரத்தில் வீணாகும் சக்தி எது? அதை எரிபொருளாக்க என்ன தேவை?

3. நமக்கு நெருங்கிய ஒருவர் இப்படிப்பட்ட கருவியை விற்கிறார் என்றால், உறவு கெடாமல் உண்மையை எப்படி எடுத்துச் சொல்வது?

மூன்றாவது கேள்விக்குக் கைக்கணினி உதவாது. அதற்குத்தான் கூட்டத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.